ஐ-லீக்

ஐ-லீக் என்பது இந்தியாவில் ஆண்களுக்கென நடத்தப்பட்டு வந்த தொழில்முறைக் கால்பந்துக் கூட்டிணைவுத் தொடர் ஆகும். அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு இதனை 2007ஆம் ஆண்டில் தொடங்கியது. தொடக்கத்தில் இது நாட்டின் முதல்நிலைத் தொடராக விளங்கியது. 2014இல் தொடங்கப்பட்ட இந்தியன் சூப்பர் லீக் படிப்படியாக அவ்விடத்தைப் பெற்றதால், 2022-23 பருவம் முதல் ஐ-லீக் இரண்டாம் நிலைத் தொடராக அமைந்தது. 2007-08 முதல் 2024-25 வரை நடைபெற்ற 18 பருவங்களில் 11 கழகங்கள் வாகையர் பட்டம் பெற்றுள்ளன. தமிழ்நாட்டின் சென்னை சிட்டி கால்பந்துக் கழகம் 2018-19 பருவத்தில் இப்பட்டத்தை வென்றது.

பின்னணி

இந்தியாவின் முதல் தேசிய அளவிலான கூட்டிணைவு, தேசியக் கால்பந்து லீக் ஆகும். இது 1996இல் தொடங்கி 2006-07 பருவம் வரை நடைபெற்றது. அதற்கு முன்னர் கொல்கத்தா, கோவா, மும்பை, சென்னை முதலிய நகரங்களின் உள்ளூர்க் கூட்டிணைவுகளும், டூரண்டு கோப்பை, சந்தோசு கோப்பை போன்ற தொடர்களுமே இந்தியக் கால்பந்தின் அடித்தளமாக இருந்தன. தேசியக் கால்பந்து லீக்கின் முதல் பட்டத்தைப் பஞ்சாபின் பக்வாராவைச் சேர்ந்த ஜேசிடி ஆலை அணி வென்றது. பாய்ச்சுங் பூட்டியா, ஐ. எம். விஜயன் ஆகியோர் அவ்வணியில் விளையாடினர். சென்னையைச் சேர்ந்த இந்தியன் வங்கி அணியும் இத்தொடரில் பங்கேற்றுள்ளது.

அக்காலத்து அணிகளுள் பல, வங்கி, ஆலை, காவல்துறை போன்ற நிறுவனங்களைச் சார்ந்தவை. வீரர்களுள் பலர் அந்நிறுவனங்களின் ஊழியர்களாகவும் இருந்தனர். முழுமையான தொழில்முறைக் கழகங்களை உருவாக்கும் நோக்குடன் தேசியக் கால்பந்து லீக், ஐ-லீக்காக மாற்றியமைக்கப்பட்டது. முதல் பருவத்தில் (2007-08) கோவாவின் தெம்போ கழகம் பட்டம் வென்றது. முதல் ஆறு பருவங்களின் பட்டங்களும் தெம்போ, சர்ச்சில் பிரதர்சு, சல்காவ்கர் ஆகிய மூன்று கோவா கழகங்களுக்கே சென்றன.

போட்டி முறை

ஐ-லீக்கின் பெரும்பாலான பருவங்கள் இரட்டைச் சுற்று முறையில் நடத்தப்பட்டன. ஒவ்வொரு கழகமும் மற்ற எல்லாக் கழகங்களுடனும் இருமுறை மோதும். ஒரு போட்டி தன் சொந்த மைதானத்திலும் மற்றொன்று எதிரணியின் மைதானத்திலும் நடைபெறும். எடுத்துக்காட்டாக, 11 கழகங்கள் பங்கேற்ற 2018-19 பருவத்தில் ஒவ்வொரு கழகமும் 20 போட்டிகளில் விளையாடும் வகையில் அட்டவணை வகுக்கப்பட்டது. 12 கழகங்கள் இருப்பின் ஒவ்வொன்றுக்கும் 22 போட்டிகள், மொத்தம் 132 போட்டிகள் ஆகும்.

வெற்றிக்கு 3 புள்ளிகளும் சமநிலைக்கு 1 புள்ளியும் வழங்கப்படும். தோல்விக்குப் புள்ளி இல்லை. பருவ முடிவில் மிகுதியான புள்ளிகளைப் பெறும் கழகமே வாகையர் ஆகும். வெளியேற்றச் சுற்று முறையில் ஒருநாள் ஆட்டம் முடிவைத் தீர்மானிக்கிறது; கூட்டிணைவு முறையிலோ பல மாத உழைப்பின் கூட்டுத்தொகையே கணக்கில் கொள்ளப்படுகிறது.

ஏற்றமும் இறக்கமும்

பல நாடுகளில் கால்பந்துக் கூட்டிணைவுகள் படிநிலைகளாக அமைந்துள்ளன. மேல்நிலையில் கடைசி இடங்களைப் பெறும் கழகங்கள் அடுத்த பருவத்தில் கீழ்நிலைக்கு இறக்கப்படுகின்றன. கீழ்நிலையில் முதலிடங்களைப் பெறுபவை மேலே ஏற்றப்படுகின்றன. 1888இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட கால்பந்துக் கூட்டிணைவு, 1892இல் இரண்டாம் பிரிவைச் சேர்த்துக்கொண்டது. இம்முறையின் கீழ் ஒரு சிற்றூரின் கழகமும், தொடர்ந்து வெல்லுமாயின், நாட்டின் உச்சநிலையை அடைய வழி உண்டு.

இதற்கு மாறாக, அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கர் போன்ற தொடர்களில் கழகங்கள் கட்டணம் செலுத்தி நிலையான இடத்தைப் பெறுகின்றன. 2014இல் எட்டு அணிகளுடன் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கும் இவ்வகையைச் சார்ந்ததே. முதலீட்டாளருக்கு இறக்கம் பற்றிய அச்சம் இல்லாததால் நீண்டகாலத் திட்டமிடல் எளிதாகிறது என்பது இம்முறைக்கு ஆதரவான வாதம். களத்தில் வென்றவருக்கும் கதவு திறக்காது என்பது எதிர்வாதம். இந்தியாவில் இவ்விரு முறைகளும் ஒரே காலத்தில் நடைமுறையில் இருந்ததே ஐ-லீக்கின் வரலாற்றில் ஏற்பட்ட பல சிக்கல்களுக்குக் காரணமாகும்.

இரண்டாம் நிலைக்கு மாற்றம்

2016இல் சல்காவ்கர், ஸ்போர்ட்டிங் கோவா, தெம்போ ஆகிய கோவா கழகங்கள், முன்மொழியப்பட்ட புதிய கட்டமைப்பை ஏற்காது ஐ-லீக்கிலிருந்து விலகின. இருமுறை பட்டம் வென்ற பெங்களூரு கழகம் 2017-18 பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக்கில் இணைந்தது. 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒப்புதல் அளித்த திட்டத்தின்படி, இந்தியன் சூப்பர் லீக் நாட்டின் முதன்மைத் தொடரின் தகுதியைப் பெற்றது. 2020இல் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஐ-லீக்கை விட்டு அத்தொடருக்குச் சென்றன. நாட்டின் மிகப்பெரிய இரசிகர் கூட்டத்தைக் கொண்ட இவ்விரு கொல்கத்தா கழகங்களின் வெளியேற்றம் ஐ-லீக்கின் வருவாயையும் கவனத்தையும் குறைத்தது.

அதே திட்டம், ஐ-லீக் வாகையர் 2022-23 பருவம் முதல் நுழைவுக் கட்டணம் இன்றி மேலே செல்ல வழிவகுத்தது. அப்பருவத்தில் வென்ற ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப் இவ்வகையில் ஏற்றம் பெற்ற முதல் கழகம் ஆகும். 1891இல் நிறுவப்பட்ட கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் 2023-24இல் வென்று ஏற்றம் பெற்றது. எனினும் 2024-25 பருவம் வரை இந்தியன் சூப்பர் லீக்கிலிருந்து எந்தக் கழகமும் இறக்கப்படவில்லை.

2024-25 பருவத்தின் முடிவு நடுவர் மன்றத்தில் தீர்மானிக்கப்பட்டது. களப்போட்டிகள் முடிந்தபோது சர்ச்சில் பிரதர்சு 40 புள்ளிகளுடனும் வாரணாசியின் இன்டர் காசி 39 புள்ளிகளுடனும் இருந்தன. தகுதியற்ற வீரரை எதிரணி களமிறக்கியதாக இன்டர் காசி எழுப்பிய முறையீடு நிலுவையில் இருந்தது. கூட்டமைப்பு முதலில் சர்ச்சில் பிரதர்சை வாகையராக அறிவித்தது. சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் 2025 சூலையில் அம்முடிவை மாற்றி இன்டர் காசியை வாகையராக அறிவித்தது.

வாகையர் பட்டியல்

தெம்போ (கோவா): 3 முறை - 2007-08, 2009-10, 2011-12
சர்ச்சில் பிரதர்சு (கோவா): 2 முறை - 2008-09, 2012-13
பெங்களூரு (கருநாடகம்): 2 முறை - 2013-14, 2015-16
மோகன் பகான் (மேற்கு வங்காளம்): 2 முறை - 2014-15, 2019-20
மினர்வா பஞ்சாப், பின்னர் ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப் (பஞ்சாப்): 2 முறை - 2017-18, 2022-23
கோகுலம் கேரளா (கேரளம்): 2 முறை - 2020-21, 2021-22
சல்காவ்கர் (கோவா): 1 முறை - 2010-11
ஐஸ்வால் (மிசோரம்): 1 முறை - 2016-17
சென்னை சிட்டி (தமிழ்நாடு): 1 முறை - 2018-19
முகமதன் ஸ்போர்ட்டிங் (மேற்கு வங்காளம்): 1 முறை - 2023-24
இன்டர் காசி (உத்தரப் பிரதேசம்): 1 முறை - 2024-25

குறிப்பிடத்தக்க கழகங்கள்

ஐஸ்வால்: மிசோரம் மாநிலத் தலைநகரின் கழகமான இது 2015-16 பருவத்தில் இறக்கம் பெற்றது. கோவா கழகங்கள் விலகியதால் மீண்டும் சேர்க்கப்பட்டு, அடுத்த பருவத்திலேயே 37 புள்ளிகளுடன் பட்டம் வென்றது. மோகன் பகான் 36 புள்ளிகள் பெற்றிருந்தது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து இப்பட்டத்தை வென்ற முதல் கழகம் இதுவாகும். அப்போது பயிற்சியாளராக இருந்த காலித் ஜமீல் 2025இல் இந்திய தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார்.

கோகுலம் கேரளா: கோழிக்கோட்டைச் சேர்ந்த இக்கழகம் ஐ-லீக் பட்டத்தை அடுத்தடுத்து இருமுறை வென்ற ஒரே கழகம் ஆகும். 2022 மே மாதம் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக் கோப்பைப் போட்டியில், இந்தியன் சூப்பர் லீக் கழகமான ஏடிகே மோகன் பகானைக் கொல்கத்தாவிலேயே 4-2 என்ற இலக்குக் கணக்கில் வென்றது. கீழ்நிலைத் தொடரின் ஆட்டத்தரம் தாழ்ந்தது என்னும் கருத்துக்கு இவ்வெற்றி மறுப்பாக எடுத்துக்காட்டப்படுவதுண்டு.

சென்னை சிட்டி: 1946இல் நிறுவப்பட்ட இக்கழகம் நீண்டகாலம் சென்னைக் கூட்டிணைவில் விளையாடியது. 2016-17 பருவத்தில் ஐ-லீக்கில் நேரடியாகச் சேர்க்கப்பட்டது. கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கம் இதன் சொந்த மைதானமாக அமைந்தது. முதல் இரு பருவங்களிலும் எட்டாம் இடத்தையே பெற்ற கழகம், சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாசின் பயிற்சியில் 2018-19இல் 43 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளிகளுடன் இரண்டாம் இடத்தில் இருந்தது. 2019 மார்ச் 9 அன்று நடந்த இறுதிநாள் ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்ற கணக்கில் வென்ற பின்னரே பட்டம் உறுதியானது. முன்கள வீரர் பெத்ரோ மன்சி அப்பருவத்தில் 21 இலக்குகளை அடித்தார். அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் கழகம் சென்னை சிட்டியின் 26 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. மைக்கேல் சூசைராஜ், எட்வின் சிட்னி வான்ஸ்பால், நந்தகுமார் சேகர், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் முதலிய தமிழக வீரர்கள் இக்கழகத்தில் விளையாடிப் பின்னர் இந்தியன் சூப்பர் லீக் கழகங்களுக்குச் சென்றனர். பட்டம் வென்ற மூன்றாம் ஆண்டில், அதாவது 2021-22 பருவத்தில், சென்னை சிட்டி ஐ-லீக்கில் இடம்பெறவில்லை.

கழகங்களின் நிலைபேறு

களத்தில் பெறும் வெற்றி மட்டும் ஒரு கழகத்தின் ஆயுளை உறுதி செய்வதில்லை. மகிந்திரா யுனைடெட் 2010இலும், ஜேசிடி 2011இலும் கலைக்கப்பட்டன. இரண்டுமே தேசியக் கால்பந்து லீக் பட்டத்தை வென்றவை. நுழைவுச்சீட்டு, விளம்பர ஆதரவு, ஒளிபரப்பு உரிமை, வீரர் மாற்றுத்தொகை ஆகியவை ஒரு தொழில்முறைக் கழகத்தின் வருவாய் வழிகள். கீழ்நிலைத் தொடரில் இவையனைத்தும் குறைவு. ஆனால் சிறீநகர், ஐஸ்வால், கோழிக்கோடு எனத் தொலைதூர நகரங்களுக்குச் செல்லும் பயணச் செலவோ, வீரர் ஊதியமோ அந்த அளவுக்குக் குறைவதில்லை. இடைவெளியை உரிமையாளரே நிரப்ப வேண்டியுள்ளது. அவர் விலகினால் கழகமும் மறைந்துவிடுகிறது.

இதனைத் தடுக்கும் நோக்கிலேயே கழக உரிமம் வழங்கும் முறை பின்பற்றப்படுகிறது. இளையோர் பயிற்சி, மைதான வசதி, நிருவாகப் பணியாளர், சட்டநிலை, நிதிநிலை ஆகிய ஐந்து வகையான தகுதிகள் இதில் ஆராயப்படுகின்றன.

கீழ்நிலைகளும் விழுப்புரம் வட்டாரமும்

ஐ-லீக்கிற்குக் கீழே இருந்த இரண்டாம் பிரிவு 2023-24 பருவம் முதல் ஐ-லீக் 2 எனப் பெயர் மாற்றப்பட்டது. 2023இல் ஐ-லீக் 3 தொடங்கப்பட்டது. அவற்றுக்குக் கீழே மாநிலக் கூட்டிணைவுகள் உள்ளன. ஸ்போர்ட்டிங் கிளப் பெங்களூரு முதலில் ஐ-லீக் 3ஐயும் உடனடுத்து ஐ-லீக் 2ஐயும் வென்று 2024-25இல் ஐ-லீக்கை அடைந்தது. 2016இல் விலகிய தெம்போவும் இவ்வழியாகவே அப்பருவத்தில் திரும்பியது.

ஐ-லீக்கில் விளையாடிய தமிழ்நாட்டுக் கழகம் சென்னை சிட்டி மட்டுமே ஆகும். ஆகவே விழுப்புரம், திண்டிவனம் போன்ற நகரங்களின் இளைஞர்கள் தொழில்முறை ஆட்டத்தை நோக்கிச் செல்லச் சென்னைக்கோ வெளிமாநிலங்களுக்கோ செல்ல வேண்டியவர்களாக உள்ளனர். சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையிலும் தொடர்வண்டிப் பாதையிலும் இவ்விரு நகரங்களும் அமைந்துள்ளன. 1993 வரை இவற்றுடன் ஒரே தென் ஆர்க்காடு மாவட்டமாக இருந்த கடலூர், மகளிர் கால்பந்தில் பெயர் பெற்றது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு விளையாடியவர். மதுரையின் சேது கழகம் 2019இல் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது. மாவட்ட நகரங்களில் தொடர்ச்சியான பயிற்சி கிடைக்குமாயின் தேசிய அளவிலான ஆட்டக்காரர்கள் உருவாக முடியும் என்பதற்குக் கடலூர் சான்றாகும்.

மாவட்டக் கூட்டிணைவு, மாநிலக் கூட்டிணைவு, ஐ-லீக் 3, ஐ-லீக் 2, ஐ-லீக், இந்தியன் சூப்பர் லீக் என்னும் ஏணியின் படிகள் முறைப்படி இணைந்திருக்கும்போதுதான் ஒரு சிறுநகரக் கழகத்திற்கு மேலே செல்லும் வழி இருக்கும். ஐ-லீக் அவ்வேணியின் மேலிருந்து இரண்டாவது படியாக இருந்தது.