கண் முன்னே, காமிரா பின்னே

கரோல் பாக்கை ஒட்டி 108 அடி உயர அனுமார் சிலை நிற்கிறது. அதன் அருகே உயர்பாலத்தில் மெட்ரோ ரயில் ஓடுகிறது. டெல்லிக்கு வந்த நம் மாணவர்களில் இவ்விரண்டையும் ஒருசேரப் படமெடுக்காதவர் அரியர். நானும் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "இதைத்தான் எல்லாப் பிள்ளைகளும் அனுப்புகிறார்களே! நீ இருக்கிற ஊர் எங்கே?" என்று கேட்டாள். அதற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

தனித்தன்மை வாய்ந்த படம் விலையுயர்ந்த கருவியால் வருவதன்று, திட்டத்தால் வருவது. முதலாவது, சொல்ல வந்ததை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். "திங்கட்கிழமை கடைவீதி ஓய்வெடுக்கிறது" என்பது ஒரு வாக்கியம். அஜ்மல் கான் சாலையின் நெரிசலைப் பலரும் எடுப்பர். வார விடுமுறையான திங்களன்று இறக்கிய கதவுகளை எடுப்பவர் சிலரே. இரண்டாவது, காமிரா இல்லாமல் ஒருநாள் நடந்து, எந்நேரத்தில் ஒளி எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, இடத்தைத் தேர்ந்து நின்று, ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அக்கணம் வந்தபின் கருவியின் குறைக்கு அஞ்சலாகாது. 1948 ஜனவரி 30 இரவு, பிர்லா மாளிகை வாயிலில் காந்தியடிகளின் மறைவை நேரு அறிவித்தபோது ஆன்றி கார்த்தியே-பிரெசோன் படமெடுத்தார். மங்கிய ஒளியில் உருவங்கள் தெளிவாக இல்லை. துயரம் தெளிவாக இருக்கிறது.

சென்ற திங்களன்று, மூடிய கடையின் படியில் தேநீர் அருந்திய சுமைதூக்கும் பெரியவரை அவர் இசைவுடன் எடுத்து அனுப்பினேன்.

"இவர் சாப்பிட்டாரா?" என்று கேட்டாள் அம்மா.