தலைக்கணக்கும் வயதுக்கணக்கும்

டீ வருவதற்குள் ஒரு கணக்குப் பார்த்துவிடலாம். 2001இல் தேனி மாவட்டத்தின் மக்கள்தொகை 10,93,950. 2011இல் 12,45,899. பத்தாண்டில் ஒன்றரை லட்சம் பேர் கூடிவிட்டார்கள். ஜனம் பெருகிக்கொண்டே போகிறது, இனி பள்ளிக்கூடம் பத்தாது என்றுதான் கேட்கிற எவருக்கும் தோன்றும். கூடியவர்கள் எந்த வயதுக்காரர்கள் என்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வரும்.

1971இல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகக் கிட்டத்தட்ட நான்கு பிள்ளைகள். 2020இல் அது 1.4. தாய் தகப்பனுக்கு ஈடாக அடுத்த தலைமுறை வர 2.1 வேண்டும். அப்படியும் ஜனத்தொகை ஏன் கூடியது? அன்று நிறையப் பிறந்தவர்கள் வளர்ந்து தாய் தகப்பன் ஆனார்கள். ஆளுக்கு ஒன்றிரண்டு பெற்றாலும், பெறுகிற வீடுகள் அதிகம். ஆயுளும் நீண்டுவிட்டது.

தேக்கடியில் திறக்கும் தண்ணீரை லோயர் கேம்ப் முதலில் பார்க்கும். கூடலூர், கம்பம், உத்தமபாளையம் தாண்டித்தான் பழனிசெட்டிபட்டிக்கு வரும். அன்று நிறையப் பிறந்த அந்தப் பெருந்தலைமுறையும் அப்படித்தான். முதலில் பள்ளிக்கூடத்தை நிறைத்தது, பிறகு வயலையும் தோட்டத்தையும். இப்போது அறுபதைத் தொடுகிறது. அரசின் மதிப்பீட்டில் 2021இல் தமிழ்நாட்டு மக்களில் 60 தாண்டியவர்கள் 13.6 சதவீதம், 2031இல் 18.2 சதவீதம் ஆவார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. விடியுமுன் ஜீப்புகள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகின்றன. போகிறவர்களில் பெண்களே அதிகம். வீட்டு முதியவரைப் பார்த்துக்கொள்வதும் அவர்கள்தான். பகலில் அவருக்குத் திடீரென முடியாமல் போனால் யார் கூட்டிப்போவது? கூடலூரிலிருந்து க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போக தேனியையும் தாண்ட வேண்டும்.

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயானது. இரண்டும் நல்ல காரியம். ஆனால் பகலில் பக்கத்தில் இருக்க ஓர் ஆள் வேண்டுமே! ஊருக்கு ஊர் பகல்நேர முதியோர் பராமரிப்பு வேண்டும். பிள்ளைகள் குறைந்த பள்ளிகளில் காலியாகும் ஒரு வகுப்பறையை அதற்குக் கொடுக்கலாம். பள்ளியை மட்டும் மூடிவிடக் கூடாது. சின்னப் பிள்ளைகளால் தூரம் நடக்க முடியாது.

2011க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பே முடியவில்லை, அடுத்தது 2027இல். 2011இல் 45 வயதாக இருந்தவருக்கு 2027இல் 61. பழைய கணக்கை வைத்துத் திட்டம் போட்டால் அவரை இன்னும் உழைக்கிற ஆளாகவே எண்ணுவோம்.

மழையும் விலையும் சொல்லாமல் மாறும். வயது அப்படியல்ல, முப்பது வருடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வருகிறது. ஆகவே அடுத்த கிராமசபையில் இதைக் கேளுங்கள்: நம் ஊரில் 60 தாண்டியவர்கள் எத்தனை பேர், பகலில் அவர்களைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?