உலர்ந்த மூட்டையே உயிர்த்துணை

ரொறன்ரோவிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரக் கார்ப் பிரயாணத்தில் எட்டிவிடக்கூடிய அல்கொன்குயின் பூங்காவுக்கு, வெயில் காலம் வந்ததும் நம்மவர்கள் குடும்பத்தோடு புறப்படுவது இப்போது சகஜமாகிவிட்டது. 1893-ல் ஸ்தாபிக்கப்பட்டு, சுமார் 7,600 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் அந்த வனத்தில், கனூ என்னும் ஒடுங்கிய வள்ளத்தை வலித்துச் சென்று, ஏரிக்கும் ஏரிக்கும் இடையே அதைத் தோளில் சுமந்து நடந்து, கரையோரம் கூடாரமடித்துத் தங்குவது அலாதியான ஆனந்தந்தான்; ஆயினும் வள்ளம் கவிழுமோ என்று அஞ்சுகிறவர்களில், கவிழ்ந்தபின் மாற்றிக்கொள்ள உலர்ந்த துணி மிஞ்சுமா என்று யோசிக்கிறவர்கள் சொற்பமே.

அபாயம் அங்கேதான் இருக்கிறது. காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடற்சூட்டைக் கவர்வது தண்ணீர். பனிக்கட்டி உருகிச் சில வாரங்களே ஆன மே மாதத்து ஏரியில் நனைந்தவருக்கு, ஈரத்தை விடாத பருத்தி ஆடையும், நனைந்ததும் உப்பலிழந்துவிடும் இறகு ஸ்லீப்பிங் பாக்கும் ஓர் உபகாரமும் செய்யமாட்டா. விடாத நடுக்கம், நாக்குழறல், பொத்தானைக்கூடப் போட இயலாத விரல்கள் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள்.

உணவு விஷயமும் இலேசானதன்று. தகர டின்களும் கண்ணாடிப் போத்தல்களும் உள்வனத்தில் தடைசெய்யப்பட்டிருப்பதால், அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் யாவும் பிளாஸ்டிக் பைகளிலேயே போகவேண்டும். அவற்றை நீலப் பீப்பாயில் வைப்பது வழக்கம். மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரேயொரு அரிசிமணி சிக்கியிருந்தாலும் அந்த இடுக்கு வழியே தண்ணீர் நுழைந்துவிடுமாகையால், விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தே இறுக்குங்கள். நீர் புகாப் பையை வாய்வரை திணிக்காமல், விளிம்பைக் குறைந்தது மூன்று முறை சுருட்டி மூடுங்கள். மாற்றுடையையும் படுக்கையையும் அதற்குள் இன்னொரு தடித்த குப்பைப் பையில் இட்டு முடிவது சிக்கனமான, ஆனால் சிரேஷ்டமான உபாயம். பீப்பா கரடியைத் தடுக்காது என்பதால், இரவில் உணவைக் கூடாரத்துக்கு அப்பால் மரத்தில் உயரக் கட்டுவதும் அவசியம்.

சாமான்களை வாடகைக்கு எடுப்பவர்கள், அவை நியாயமான தரமுடையவையாய், எடுத்த காரியத்துக்கு ஏற்றவையாய் இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமையை ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அளித்திருப்பதை அறிந்திருக்கவேண்டும். காலியான நீர் புகாப் பையைக் காற்றோடு சுருட்டி அமுக்கும்போது காற்றுச் சீறினால், கூச்சப்படாமல் அங்கேயே வேறு கேளுங்கள். ரசீதையும் புகைப்படத்தையும் வைத்திருந்தால் பின்னர் முறையிடுவதும் எளிது.

வள்ளத்திலுள்ள ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி இருந்தாகவேண்டும் என்பது கனடாவின் சட்டம். அதைக் காலடியில் போட்டுவைக்காமல் அணிந்துகொள்ளுங்கள். கவிழ்ந்தால் மிதந்துபோகும் மூட்டைகளைத் துரத்தாமல் வள்ளத்தைப் பற்றிக்கொள்ளுங்கள். கரையேறியதும் மற்றெதற்கும் முன் ஈரத்துணியை மாற்றுங்கள்.