முதுகு நேர்கோடு அன்று

‘நேராக உட்கார்’ என்று வகுப்பறையில் மாணவரிடம் நாம் சொல்லாத நாளில்லை. முதுகு இயல்பிலேயே நேரானது, சோம்பலால்தான் அது வளைகிறது என்னும் எண்ணம் அக்கட்டளைக்குள் இருக்கிறது. முதுகுத்தண்டு என்னும் சொல்லும் அவ்வெண்ணத்திற்குத் துணைபோகிறது. தண்டு என்றதும் நீண்ட கோல் ஒன்றே நம் மனத்தில் தோன்றுகிறது. உண்மை அமைப்பு வேறு.

முதுகின் நடுவே விரலால் மேலிருந்து கீழாகத் தடவினால் சிறு மேடுகள் வரிசையாகத் தட்டுப்படும். அவை எலும்புகளின் பின்புறத்தில் முள்போல் நீண்டிருக்கும் பகுதிகள். ஆகவே முள்ளெலும்பு என்னும் பெயர் நன்கு பொருந்துகிறது. குழந்தைப் பருவத்தில் பொதுவாக 33 முள்ளெலும்புகள் உள்ளன. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5, திருவெலும்பில் 5, வாலெலும்பில் 4 என அவற்றைப் பகுப்பர். இறுதி இரு பகுதிகளிலும் உள்ளவை வளர்ச்சியில் ஒன்றிணைந்துவிடுவதால், தனித்தனியே அசையக்கூடியவை 24 மட்டுமே. இவ்வெலும்புகளின் துளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து உருவாகும் குழாயினுள் தண்டுவடம் பாதுகாப்பாக இறங்குகிறது. அதிலிருந்து 31 இணை நரம்புகள் பிரிந்து உடலெங்கும் செல்கின்றன.

இத்தொடரைப் பக்கவாட்டில் நோக்கினால் நான்கு வளைவுகள் தெரியும். பிறந்த குழந்தையின் முதுகு பின்னோக்கிக் குவிந்த ஒரே வளைவாக இருக்கும். குழந்தை தலையை நிமிர்த்தத் தொடங்கும்போது கழுத்து முன்னோக்கி வளைகிறது. எழுந்து நின்று நடக்கப் பழகும்போது இடுப்பும் அவ்வாறே வளைகிறது. ஆகவே வளைவு குறையன்று. நிமிர்ந்து நடப்பதற்கு உடல் பெற்றுக்கொண்ட அமைப்பு. நடக்கும்போதும் குதிக்கும்போதும் ஏற்படும் அதிர்ச்சியை இவ்வளைவுகள் சுருள்வில்லைப் போலத் தாங்கிக்கொள்கின்றன.

அவற்றிற்குத் துணையாக, எலும்புகளுக்கு இடையே 23 வட்டுகள் உள்ளன. ஒவ்வொரு வட்டிலும் கூழ் போன்ற நடுப்பகுதியை உறுதியான நார்வளையங்கள் சூழ்ந்திருக்கின்றன. பகல் முழுதும் உடலின் பாரத்தைச் சுமக்கையில் அவற்றிலுள்ள நீர் சிறிது வெளியேறுகிறது; உறங்கும்போது மீண்டும் உட்புகுகிறது. காலையில் நம் உயரம் மாலையில் உள்ளதைவிட ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இருப்பதற்கு இதுவே காரணம். வளர்ந்தோரின் வட்டுகளுக்குள் இரத்தக் குழாய்கள் பெரிதும் இல்லை. சுற்றியுள்ள திசுக்களிலிருந்து ஊட்டம் ஊறி வரவேண்டும். உடலின் அசைவு அதற்கு உதவுகிறது.

இத்தொடரை நிலைநிறுத்துபவை தசைகள். முதுகின் மேலடுக்கிலுள்ள அகன்ற தசைகள் பெரும்பாலும் தோளையும் கையையும் இயக்குகின்றன. அவற்றின் அடியில், இடுப்பிலிருந்து தலைவரை முள்ளெலும்புகளின் இருபுறமும் ஓடுபவை முதுகை நிமிர்த்தும் தசைகள். இன்னும் ஆழத்தில், அருகருகே உள்ள எலும்புகளைப் பிணைத்து நிற்கும் சிறு தசைகள் ஒவ்வொரு மூட்டையும் உறுதிப்படுத்துகின்றன. நாம் முழுதும் கூனி அமரும்போது நிமிர்த்தும் தசைகளின் வேலை மிகவும் குறைந்துவிடுகிறது. பாரம் எலும்புகளைப் பிணைக்கும் நார்களின் மீதும் வட்டுகளின் மீதும் விழுகிறது. மாறாக, விறைப்பாக நெடுநேரம் அமர்ந்தால் அதே தசைகள் ஓய்வின்றிச் சுருங்கிக் களைத்துப்போகின்றன. இரு நிலைகளிலும் தீங்கு விளைவிப்பது அசைவின்மையே.

எனவே, பாடவேளையில் மாணவர் நெளிவதையெல்லாம் ஒழுங்கீனம் என்று நாம் கருதிவிடலாகாது. களைத்த தசை வேறொரு தசையிடம் தன் பாரத்தை மாற்றிக்கொடுக்கும் முயற்சியாகவும் அது இருக்கலாம். ‘நேராக உட்கார்’ என்பதோடு நின்றுவிடாமல், ஒரு பாடத்திற்கும் அடுத்த பாடத்திற்கும் இடையே ‘எழுந்து நில்லுங்கள், கையை உயர்த்துங்கள், சிறிது நடங்கள்’ என்றும் சொல்வோம். அதற்கு இரண்டு நிமிடங்கள் போதும். 24 எலும்புகளும் 23 வட்டுகளும் அசைவதற்காகவே அமைந்தவை.