சொல்லும் வினையும்

உடலால் செய்வதை மட்டுமே செயல் என்று கருதுவது உலக வழக்கு. இந்து சமய அறநூல்களோ மனம், வாக்கு, காயம் ஆகிய மூன்றன் வழியாகவும் வினை விளைகிறது என்கின்றன. ஆகவே, பேசும் ஒவ்வொரு சொல்லும் நல்வினையாகவோ தீவினையாகவோ அமைந்து, பேசியவரைப் பிறவிதோறும் தொடர்கிறது.

சைவ சித்தாந்தம் வினையை மூவகையாகப் பகுக்கிறது. பல பிறவிகளில் ஈட்டிய தொகுப்பு சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியில் நுகர வந்த பகுதி பிராரத்தம். நுகரும்போதே புதிதாக ஈட்டுவது ஆகாமியம். பிறருடைய வசைமொழியைக் கேட்க நேர்வது பிராரத்தம் எனில், அதற்குக் கூறும் மறுமொழி ஆகாமியமாகிறது. மனிதனின் பொறுப்பு அம்மறுமொழியில்தான் தொடங்குகிறது.

மனுநூல் வாக்கின் குற்றங்களாகக் கடுஞ்சொல், பொய், கோள், பயனில்பேச்சு ஆகிய நான்கைச் சுட்டுகிறது. வாக்கால் தீவினை செய்தவர் பறவையாகவோ விலங்காகவோ பிறப்பர் எனவும் அந்நூல் எச்சரிக்கிறது. பகவத்கீதையின் 17ஆம் இயல், பிறர் மனத்தை வருத்தாததும் உண்மையானதும் இனியதும் நன்மை பயப்பதுமான பேச்சை வாக்கினால் செய்யும் தவம் எனப் போற்றுகிறது.

உண்மையும் நன்மையும் ஒன்றோடொன்று முரண்பட்டால் செய்வது யாது? மகாபாரதம் இதற்கு இரு நிகழ்வுகளைக் காட்டுகிறது. உண்மையே பேசுவதென நோன்பு பூண்ட கௌசிகர் என்னும் முனிவர், உயிருக்கு அஞ்சி ஓடி ஒளிந்தவர்களின் இருப்பிடத்தைக் கொள்ளையரிடம் உள்ளபடியே கூறினார். ஒளிந்தோர் கொல்லப்பட்டனர், முனிவர் நரகடைந்தார். தருமரோ, அசுவத்தாமன் இறந்தான் என்று துரோணர் நம்புமாறு கூறி, இறந்தது யானை என்பதைத் தெளிவின்றி மொழிந்தார். அதுவரை நிலத்தில் தோயாது சென்ற அவரது தேர் அக்கணமே மண்ணைத் தொட்டது. பின்னர் அவர் நரகத்தையும் காண நேர்ந்தது.

முன்னவரின் சொல்லில் அருள் இல்லை. பின்னவரின் சொல்லில் நேர்மை இல்லை. சொல்லின் அறம், சொல் உண்மையா என்பதோடு, அது எந்நோக்கில் எவ்விளைவுக்காகச் சொல்லப்பட்டது என்பதையும் பொறுத்தது. தீமை பயவாத சொல்லே வாய்மை என்னும் திருவள்ளுவர் கருத்தும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

மறுபிறவிக் கோட்பாடு சொல்லுக்கு நீண்ட ஆயுளை அளிக்கிறது. கேட்டவர் மறந்தாலும், சொன்னவரின் வினைக்கணக்கில் அது நிலைத்திருக்கும். எனவே நாவைக் காப்பது, வரும் பிறவியைச் செம்மை செய்யும் முயற்சியாகவும் ஆகிறது.