டூ-இன்-ஒன்னுக்கு எத்தனை வாட் வேண்டும்?

பரணிலிருந்து பழைய டூ-இன்-ஒன்னை இறக்கித் துடைத்து, ஒரு கேசட்டைப் போட்டுக் கேட்டதும் பலருக்கு ஏமாற்றமாகிவிடுகிறது. ஒலி மங்கிக் கிடக்கிறது, பாஸ் இல்லை, சத்தத்தைக் கூட்டினால் இரைகிறது. உடனே எடுக்கிற முடிவும் பெரும்பாலும் ஒன்றுதான். உள்ளே இருக்கிற ஆம்ப்ளிஃபயரை ஒதுக்கிவிட்டு, ஐம்பது வாட் என்றோ நூறு வாட் என்றோ எழுதிய போர்டு ஒன்றைப் பொருத்துவது. பழைய ஸ்பீக்கரைக் கழற்றிக் கார் ஸ்பீக்கரை மாட்டுவது. செலவு ஆகிறது, பெட்டியில் அறுவை நடக்கிறது, ஆனால் எதிர்பார்த்த ஒலி வருவதில்லை. காரணம், வரிசை தலைகீழாக இருக்கிறது. வயதால் போனதை மீட்பது முதல் வேலை. பெட்டிக்கும் மின்னழுத்தத்துக்கும் ஒத்துப்போகிற ஸ்பீக்கர் இரண்டாவது. வாட் கடைசி, பல பெட்டிகளில் அது தேவையே இல்லை.

இந்தப் பெட்டிகள் எதற்காகச் செய்யப்பட்டன என்பதிலிருந்து தொடங்கலாம். பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் கேசட்டை அறிமுகப்படுத்தியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே ரேடியோவும் கேசட்டும் ஒரே உடம்பில் வந்துவிட்டன. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து ஜப்பானிய நிறுவனங்கள் அதை ஸ்டீரியோவாக்கி, பெரிதாக்கி, பேட்டரி கட்டைகளில் ஓடும் முழு இசைப்பெட்டியாக வளர்த்தன. 1981-இல் வந்த ஜேவிசி ஆர்சி-எம்90 அந்த வளர்ச்சியின் உச்சங்களில் ஒன்று. எல்எல் கூல் ஜே என்ற அமெரிக்க ராப் பாடகரின் 1985 ஆல்பத்தின் அட்டையில் இருப்பது அதுதான். நம் வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் பெட்டி கட்டி வந்த நேஷனல் பானசோனிக்கும் அதன் உறவினர்களும். பாட்டுக் கேட்பதற்கு மட்டும் அவை வரவில்லை. கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து அனுப்பிய கேசட்டுகள் இந்தப் பெட்டிகளில்தான் ஓடின. அவற்றில் சில இன்னும் அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றைத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்ற ஆசைக்கு நல்ல பதில் சொல்ல வேண்டியிருப்பதால்தான் வாட் கணக்கை நேராகப் பார்க்க வேண்டும்.

எட்டுப் பெரிய கட்டைகள் போட்டால் 12 வோல்ட். சாதாரணமான பழைய ஆம்ப்ளிஃபயர் ஐசி, ஸ்பீக்கரின் ஒரு முனையைத் தரையில் வைத்து மறுமுனையை மட்டும் ஆட்டுகிறது. நடுவிலிருந்து மேலே 6 வோல்ட், கீழே 6 வோல்ட். அதற்குமேல் போக இடமில்லை. 4 ஓம்ஸ் ஸ்பீக்கரில் இது கொடுக்கக்கூடிய உச்சம் 4.5 வாட். நடைமுறையில் ஐசிக்குள்ளேயே கொஞ்சம் இழப்பு உண்டு என்பதால் இன்னும் குறையும். ஸ்பீக்கரின் இரு முனைகளையும் எதிரெதிராக ஆட்டும் பிரிட்ஜ் முறைக்குப் போனால் அதே 12 வோல்ட்டில் உச்சம் 18 வாட். அவ்வளவுதான். போர்டின் மேல் ஐம்பது என்று அச்சிட்டிருந்தாலும் சரி, பெட்டியின் நெற்றியில் பிஎம்பிஓ என்று நூற்றுக்கணக்கில் ஒட்டியிருந்தாலும் சரி, 12 வோல்ட்டிலிருந்து 4 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு அதற்குமேல் திரிபில்லாமல் தள்ள இயலாது. அந்த ஐம்பது வாட் எந்த வோல்ட்டில் என்று கேட்டால், பெரும்பாலும் இருபதுக்கு மேற்பட்ட ஒரு எண் வரும். கரண்டில் ஓட்டினால் என்ன என்று கேட்கலாம். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 12 வோல்ட்டில் ஒன்றரை ஆம்பியர் தருவது என்றால், மோட்டார், ரேடியோ, விளக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து மொத்தமே 18 வாட்தான். இரண்டு சேனலுக்கும் அதில்தான் பங்கு.

சரி, 4.5 பதினெட்டானால் நான்கு மடங்காயிற்றே என்று தோன்றும். காதின் கணக்கு அப்படி இல்லை. வாட் இரட்டித்தால் ஒலி 3 டெசிபெல் கூடும். நான்கு மடங்கானால் 6 டெசிபெல். கேட்பவருக்கு "சத்தம் இரண்டு மடங்கு" என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். இங்கேதான் ஸ்பீக்கர் முன்னுக்கு வருகிறது. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபெல் என்பதே ஸ்பீக்கரின் உணர்திறன். 84 உள்ள ஸ்பீக்கருக்கும் 90 உள்ள ஸ்பீக்கருக்கும் இடையே உள்ள வித்தியாசம் 6 டெசிபெல். ஆம்ப்ளிஃபயரை நான்கு மடங்கு பெரிதாக்குவதற்கு அது சமம். பேட்டரியிலிருந்து ஒரு துளிகூட அதிகம் கேட்காமல் கிடைக்கிற லாபம் இது. கனமான கோனும் தடித்த ரப்பர் விளிம்பும் பார்க்கப் பலமாகத் தெரியும். ஆனால் அந்தக் கனத்தை அசைக்கவே சக்தி செலவாகிறது. பழைய பெட்டிகளில் இருந்த மெல்லிய காகிதக் கோன் மட்டமான சரக்கு அல்ல. நான்கைந்து வாட்டில் ஒரு அறையை நிரப்ப வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தது. அதைக் கழற்றிக் குறைந்த உணர்திறன் உள்ள "ஹெவி" ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, சத்தம் குறைந்ததென்று ஆம்ப்ளிஃபயரையும் மாற்றுகிறவர் தானே உண்டாக்கிய பள்ளத்தைத் தானே நிரப்பிக்கொண்டிருக்கிறார்.

கார் ஸ்பீக்கரில் வேறொரு சிக்கலும் உண்டு. கதவின் தகட்டுக்குப் பின்னால் தாராளமாக இருக்கும் காற்றை நம்பி அது வடிவமைக்கப்பட்டது. சில லிட்டர் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்தால், உள்ளிருக்கும் காற்றே கோனை எதிர்த்துத் தள்ளும். நடுப்பகுதி பாஸ் வீங்கி, ஆழமான பாஸ் காணாமல் போகும். ஸ்பீக்கரும் பெட்டியும் சேர்ந்து எப்படி நடந்துகொள்ளும் என்பதை முன்கூட்டியே கணக்கிட வழி செய்தவர்கள் ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் இருவரும். அதற்கு முன்பே, கேஎல்எச் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹாஃப்மன் சொன்ன விதி இன்றும் நிற்கிறது: சிறிய பெட்டி, ஆழமான பாஸ், அதிக உணர்திறன் என்ற மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும். டூ-இன்-ஒன் செய்தவர்கள் சிறிய பெட்டியையும் உணர்திறனையும் எடுத்துக்கொண்டார்கள். கையில் தூக்கிச் செல்ல வேண்டிய, கட்டையில் ஓட வேண்டிய பொருளுக்கு வேறு நியாயமான தேர்வு இருக்கவில்லை.

அப்படியானால் இழந்த பாஸ் எங்கே போயிற்று? பெரும்பகுதி கண்டன்சர்களில். ஐசிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு பெரிய எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் இருக்கும். 4 ஓம்ஸ் ஸ்பீக்கரோடு 1000 மைக்ரோஃபாரட் சேர்ந்தால் சுமார் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் பாஸ் குறையத் தொடங்கும். பல பத்தாண்டுச் சூட்டில் உள்ளிருக்கும் திரவம் வற்றி அதன் அளவு 470-க்கு இறங்கினால் அந்த எல்லை 85 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். 220-க்கு இறங்கினால் 180. மிருதங்கத்தின் தொப்பி ஒலி மெலிந்துபோவது இப்படித்தான். ஸ்பீக்கரைக் குறை சொல்லிப் பயனில்லை. புதிய கண்டன்சரின் விலை ஒரு புதிய ஆம்ப்ளிஃபயர் போர்டின் விலையில் சிறு பகுதி. ட்ரெபிள் மங்கியிருந்தால் ஹெட்டைப் பார்க்க வேண்டும். கேசட்டின் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை அந்த நாடாவில் 0.005 மில்லிமீட்டருக்கும் குறைந்த நீளத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஹெட்டில் படிந்த பழுப்பு அழுக்கோ, ஹெட்டின் சாய்வில் வந்த சிறு பிசகோ அதை அழித்துவிடப் போதும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சும், ஹெட்டின் பக்கத்து ஸ்குரூவைக் காது கேட்டுக் கேட்டு மெல்லத் திருப்புவதும் இங்கே செய்யும் வேலையை எந்த வாட்டும் செய்யாது. குரல் கேசட்டுகளுக்கு இதுதான் உயிர்நாடி. ஃபோம் விளிம்புள்ள ஸ்பீக்கர் என்றால், ஈரக்காற்றில் அந்த ஃபோம் பொடிந்து உதிரும்; விளிம்பை மட்டும் புதிதாக ஒட்டிக்கொள்ளலாம். துணி, காகித விளிம்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஸ்பீக்கருக்கும் முன்பலகைக்கும் இடையே காற்று கசிந்தால், கோனின் முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று தின்றுவிடும். அங்கே ஒரு ஃபோம் டேப்பை ஒட்டுவது மிக மலிவான மேம்பாடு.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. உள்ளங்கை அகலப் புளூடூத் ஸ்பீக்கர் இந்தப் பெரிய பெட்டியைவிட அதிக பாஸ் தருகிறதே, அப்படியிருக்க ஹாஃப்மன் விதி என்ன ஆயிற்று? விதி உடையவில்லை. அந்தச் சிறிய பெட்டி உணர்திறனைக் கைவிட்டு மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டது. நெடுந்தூரம் ஆடும் கனமான கோன், காற்றுப்புகாத உடல், கூடவே ஆடும் பாஸிவ் ரேடியேட்டர், சத்தத்தைக் கூட்டும்போது பாஸைத் தானாகக் குறைக்கும் டிஜிட்டல் கட்டுப்பாடு, நிறையக் கரண்ட் தரும் லித்தியம் பேட்டரி எல்லாம் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்தவை. அதிலிருந்து ஓர் உறுப்பை மட்டும் பிடுங்கி டூ-இன்-ஒன்னில் நட்டால், மற்றவை இல்லாமல் அது தடுமாறும். ஒரே ஒலி அளவில், ஒரு ஸ்தாயி கீழே போனால் கோன் நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். துளைகளும் பேட்டரி மூடியும் கேசட் கதவும் உள்ள ஒரு பிளாஸ்டிக் கூடு அந்த ஆட்டத்தில் கடகடக்கும். அதே கூட்டில் பொருத்திய கேசட் இயந்திரமும் சேர்ந்து அதிரும்.

ஆம்ப்ளிஃபயரை மாற்றியே ஆக வேண்டிய நிலை உண்டு. ஐசி எரிந்துபோய், அதே எண் கிடைக்காமல், கிடைப்பதும் போலியாக இருக்கும்போது புது போர்டு நியாயமானதே. இப்போது எங்கும் விற்கும் டிபிஏ3116 போன்ற கிளாஸ்-டி ஐசிகள் அவ்வளவாகச் சூடாவதில்லை, பேட்டரியைச் சிக்கனமாகத் தின்கின்றன. அவற்றின் சிறப்பை மறுக்க முடியாது. ஆனால் டூ-இன்-ஒன் பாதி ரேடியோ. கிளாஸ்-டி நொடிக்குப் பல லட்சம் தடவை மின்சாரத்தை வெட்டி வெட்டி ஒலியை உண்டாக்குகிறது. 400 கிலோஹெர்ட்ஸில் வெட்டினால் அதன் மூன்றாம் மடங்கு 1200-இல் விழும். திருநெல்வேலி வானொலியின் மீடியம் வேவ் இடம் 1197. பெட்டிக்குள்ளேயே இருக்கும் ஏரியல் முதலில் பிடிப்பது பக்கத்து போர்டின் இரைச்சலைத்தான். அந்த ஐசியைச் செய்தவர்களே ஏஎம் நிலையங்களிலிருந்து விலகிக்கொள்ள வெட்டும் வேகத்தை மாற்றும் வசதி வைத்திருக்கிறார்கள். மலிவான போர்டுகளில் அது பெரும்பாலும் ஒரே இடத்தில் நிலைநிறுத்தப்பட்டிருக்கும். ரேடியோவும் வேண்டும் என்பவருக்கு நம் மெக்கானிக்குகள் நன்றாக அறிந்த 4440 போன்ற பழைய வகை ஐசி, நல்ல ஹீட் சிங்க்கோடு, இன்றும் பொருத்தமான தேர்வு. பிரிட்ஜ் முறையில் ஸ்பீக்கரின் எந்த முனையும் தரையைத் தொடக் கூடாது என்பதையும் மறக்கக் கூடாது. பழைய ஹெட்ஃபோன் சாக்கெட் வழியாக இரு ஸ்பீக்கர்களின் ஒரு முனை பொதுத் தரைக்குப் போயிருந்தால், அதை முதலில் பிரிக்காவிட்டால் புது போர்டு சுவிட்ச் போட்ட கணத்தில் போய்விடும். 8 ஓம்ஸ் எதிர்பார்க்கும் ஆம்ப்ளிஃபயரில் 4 ஓம்ஸ் மாட்டினால் கரண்ட் இரட்டிக்கும், ஐசி கொதிக்கும்.

எதையும் தொடவே கூடாது, மாற்றினால் பழமை கெட்டுவிடும் என்கிற சேகரிப்பாளர்களின் கவலையும் தள்ளத்தக்கதல்ல. ஆனால் வற்றிப்போன கண்டன்சரோடு இருக்கும் பெட்டி அதைச் செய்தவர்கள் கேட்ட ஒலியைத் தருவதில்லை. அதை மாற்றுவதால்தான் அந்த ஒலி திரும்புகிறது. எல்லை வேறு இடத்தில் இருக்கிறது: முன்பலகையை அறுப்பதும், திருகுத் துளையைப் பெரிதாக்குவதும், போர்டின் செம்புத் தடங்களைப் பிய்ப்பதும் திரும்பி வராதவை. அளவு பொருந்தாத ஸ்பீக்கருக்கு ஒட்டுப்பலகை வளையம் ஒன்று வெட்டிப் பழைய துளைகளிலேயே பிடிக்கலாம். புது ஆம்ப்ளிஃபயருக்கான சிக்னலைப் பழைய வால்யூம் கன்ட்ரோலின் நடுக்காலிலிருந்து எடுத்தால், அதற்கு முன்னால் உள்ள டோன் சுற்றுகள் அப்படியே வேலை செய்யும். கழற்றிய ஐசியையும் ஸ்பீக்கரையும், எந்த வயர் எங்கே இருந்தது என்று எழுதிய தாளோடு, பெட்டியோடு சேர்த்தே வைக்கலாம்.