பால் பிடிக்கிற ஆயிரம் நாள்

நெல்லு பால் பிடிக்கிற பருவத்துல வயல் காய்ந்தால் என்ன ஆகும்? கதிரில் பாதி பதராப் போகும். பின்னாடி எவ்வளவு தண்ணி கட்டினாலும் பதர் மணியாகாது. உழவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்கும் அப்படி ஒரு பருவம் உண்டு. வயிற்றில் சுமார் 270 நாள், பிறந்து இரண்டு வருசம் 730 நாள். ஆக, ஆயிரம் நாள்.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் இந்தியாவில் 35.5 சதவீதம், தமிழ்நாட்டில் 25 சதவீதம். நம்ம மாநிலத்துலயே நாலுல ஒண்ணு! 'எங்க பரம்பரையே குட்டைதான்' என்று தள்ளிவிட முடியாது.

குறை கருவிலேயே ஆரம்பிக்கிறது. பிறக்கும்போது இரண்டரை கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை. 'நிறையச் சாப்பிட்டா பிள்ளை பெருத்து, பிரசவம் கஷ்டமாகிடும்' என்று கர்ப்பிணியின் சோற்றைக் குறைக்கிற வழக்கம் இன்னும் இருக்கு. நடவும் களையெடுப்பும் மட்டும் குறைவதில்லை.

கன்று விழுந்ததும் சீம்பால் குடிக்க விடுறோம். நம்ம பிள்ளைக்கு மட்டும் சேனை என்று தேனும் சர்க்கரைத் தண்ணியும் எதுக்கு? பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கணும். எடை குறைந்த பிள்ளைக்குச் சீம்பால் இன்னும் அவசியம். உறிஞ்சத் தெம்பில்லாவிட்டால் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணிகூட வேண்டாம்.

ஆறு மாதம் முடிந்ததும் இணை உணவு தொடங்கணும். நீர்த்த கஞ்சி சின்ன வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதம் வேணும். கேழ்வரகுக் கூழ், பருப்பு மசித்த சோறு, முருங்கைக்கீரை, முட்டை, கொஞ்சம் செக்கு எண்ணெய் என்று மாற்றி மாற்றிக் கொடுங்க. இரண்டு வயது வரை தாய்ப்பாலும் தொடரட்டும். ஊட்டும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவணும். அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால் தின்றது உடம்பில் ஒட்டாது.

இதில் நம்ம காட்டில் விளையாதது எது? கேழ்வரகை மூட்டையோடு ஏற்றிவிட்டு, பாலை மிச்சமில்லாமல் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, பிள்ளைக்குக் கடையில் பிஸ்கட் வாங்குறோம்.

விதைநெல்லை எடுத்து வைத்த பிறகுதானே மிச்சத்தை விற்கிறோம்? அதே மாதிரி கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்குமான பங்கை முதலில் ஒதுக்குங்க. அங்கன்வாடியில் எடையும் உயரமும் தவறாமல் பாருங்க. தராசு முள் நகரவில்லை என்றால், அந்த மாதமே கேளுங்க.